வடக்கே தலைவைத்த சுவர்

பழவேற்காடு போய்வந்த, தடா ஊர்க்கார வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டச்சுக் கோட்டைன்னு கூட்டிட்டுப் போனாங்க. வெறும் முள்ளுக்காடுதான் இருக்கு. தோண்டாம அடியில என்ன இருக்குன்னு பாக்க வழியில்லையா?"

இருக்கிறது. அது 1613-இல் எழுந்த ஜெல்ட்ரியா கோட்டை. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம். இப்போது அங்கே சீமைக்கருவேலம்தான் ஆட்சி.

தரைக்குள் பார்க்கும் ரேடார் பழவேற்காடு ஏரிக்கரையில் தேறாது. உப்புநீர் ஊறிய மண் மின்சாரத்தைக் கடத்தும். ரேடார் அலையை விழுங்கிவிடும். சரி, காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி? செங்கல்லின் களிமண்ணில் இரும்பு ஆக்சைடு உண்டு. அதனால் பூமியின் காந்தப்புலம் செங்கல் சுவரையும் லேசாகக் காந்தமாக்குகிறது. 40,000 நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேலுள்ள புலத்தில் சுவரால் வரும் ஏற்ற இறக்கம் சில பத்து நானோடெஸ்லா இருந்தாலே அதிகம். கருவியைத் தூக்கி நடப்பவர் சாவிக்கொத்தைக்கூடக் கழற்றிவைக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் இனிதான். ஹாலந்தில் காந்தப்புலம் செங்குத்தாய்ச் சரிந்து தரைக்குள் இறங்கும். நம் பக்கம் அது தெற்கு வடக்காக ஏறக்குறைய படுத்தே கிடக்கும். கிழக்கு மேற்காகப் போகும் சுவரை அது குறுக்கே கடக்கிறது. சுவரின் வடமுகம் நெடுக ஒரு துருவம், தென்முகம் நெடுக மற்றொன்று. வரைபடத்தில் பளிச்சென்று கோடு விழும். தெற்கு வடக்காகப் போகும் சுவரிலோ புலம் நீளவாக்கில் ஓடுகிறது. துருவங்கள் இரண்டு முனைகளில் மட்டும். பள்ளியில் சட்டக்காந்தத்தின்மேல் இரும்புத்தூள் தூவியிருப்பீர்கள். முனைகளில் கொத்தாக ஒட்டும், நடுவில் வழித்துவிட்ட மாதிரி இருக்கும். அதேதான். முழுநீள மதிலொன்று இரண்டு முனைகளை மட்டும் காட்டிவிட்டு நடுவில் காணாமல் போகும்.

"மரணம் வடக்கு" என்று பாட்டி நம்மைத் திருப்பிப் படுக்கவைப்பாரே, அது மனிதருக்குப் பொருந்தாது. ரத்தத்திலுள்ள இரும்பைக் காந்தம் இழுக்காது, இஷ்டப்படி படுங்கள். சுவருக்குத்தான் அச்சு அசலாகப் பொருந்துகிறது!

மறைந்த சுவரைப் பிடிக்க மின்தடை அளவீடு உண்டு. தரையில் நான்கு கம்பிகளை ஊன்றி, இரண்டில் மின்சாரம் விட்டு, மற்ற இரண்டில் வோல்ட் பார்ப்பார்கள். உப்பு மண்ணில் படம் மங்கல்தான், ஆனால் அதற்கு வடக்கும் கிழக்கும் ஒன்று. இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். தோண்டிவிட்டு அப்புறம் யோசிப்பது நமக்குப் பழகிவிட்டது.

இப்படிப்பட்ட பாழிடங்களில் மை போட்டுப் பார்த்துப் புதையலுக்குத் தோண்டி மூடிய குழிகளும் காந்தமானியில் சிக்கும். தங்கம் மட்டும் சிக்காது. அதில் காந்தம் ஏறாது.