கம்பஸைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி

இலங்கையில் பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். (உயர்தரப்) பரீட்சையின் பெறுபேறு வெளிவந்த நாளில் சொந்தக்காரர் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை ஏ?" மூன்று ஏ என்றால் வீட்டில் கொண்டாட்டம். ஒரு ஏ, இரண்டு பி என்றால் முகம் வாடிவிடும். ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதிப் பட்டியலைப் போடும்போது இந்த எழுத்துகளை வைத்து யாரையும் வரிசைப்படுத்துவதில்லை. மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி) இருக்கிறதா, பொது அறிவுத் தாளில் 30 புள்ளியாவது கிடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகு எல்லாமே பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமதானத்தோடு அச்சாகியிருக்கும் இசட் புள்ளியின் கையில்தான். கொழும்பு மருத்துவ பீடமா, மொறட்டுவையில் பொறியியலா, இல்லை செக்கன்ட் ஷைக்கு, அதாவது இரண்டாம் தடவை எழுத, திரும்பவும் ரியூசன் கொட்டிலா என்பதை அந்த எண் முடிவுசெய்கிறது.

எழுத்துகள் ஏன் உதவாது என்பது எளிது. 75 எடுத்தவருக்கும் ஏ, 98 எடுத்தவருக்கும் ஏ. மருத்துவ பீடத்துக்குப் போட்டியிடுபவர்களில் பெரும்பாலானோர் ஏயும் பியும் வாங்கியவர்கள் என்னும்போது, அந்த எழுத்துகளை வைத்து அவர்களை எப்படிப் பிரிப்பது? சரி, அப்படியானால் மூன்று பாடப் புள்ளிகளையும் கூட்டி மொத்தத்தைப் பார்த்தால் என்ன? 2000ஆம் ஆண்டுவரை நான்கு பாடங்கள் இருந்தன. அப்போது மொத்தப் புள்ளியே அடிப்படையாக இருந்தது. பாடங்கள் மூன்றாகக் குறைந்ததை அடுத்து, 2001 அளவில் இசட் புள்ளி வந்தது.

மொத்தப் புள்ளியில் இருக்கும் கோளாறைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஓர் ஆண்டில் உயிரியல் பாடத்தின் சராசரி 52, நியம விலகல் 14. இரசாயனவியலில் சராசரி 38, நியம விலகல் 18. பௌதிகவியலில் சராசரி 35, நியம விலகல் 15. நியம விலகல் என்பது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. எல்லாரும் ஏறத்தாழ ஒரே புள்ளியை எடுத்தால் அது சிறிதாக இருக்கும். சிலர் 90, பலர் 15 என்று போனால் பெரிதாகும்.

ஒரு பாடத்தின் இசட் புள்ளியைக் கண்டுபிடிக்க, மாணவர் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கண்டு, மூன்றின் சராசரியை எடுத்தால் பெறுபேற்றுத் தாளில் வரும் எண் கிடைத்துவிடும்.

முதல் மாணவிக்கு உயிரியல் 80, இரசாயனவியல் 74, பௌதிகவியல் 65. மொத்தம் 219, ஒரு ஏ, இரண்டு பி. ஒவ்வொரு பாடத்திலும் அவருடைய இசட் சரியாக 2 வருகிறது. ஆகவே அவருடைய புள்ளி 2.0000. இரண்டாம் மாணவிக்கு உயிரியல் 90, இரசாயனவியல் 70, பௌதிகவியல் 59. மொத்தம் அதே 219. எழுத்துகளோ ஏ, பி, சி. சொந்தக்காரரின் கணக்கில் இவர் ஒருபடி கீழே. ஆனால் இசட் போட்டுப் பாருங்கள்: உயிரியலில் 2.7143, இரசாயனவியலில் 1.7778, பௌதிகவியலில் 1.6000. சராசரி 2.0307. சி எடுத்தவர் முந்திவிட்டார். போட்டி கடுமையான மாவட்டத்தில் இந்த 0.03 வித்தியாசத்துக்குள் எத்தனையோ பேர் நெருக்கியடித்து நிற்பார்கள்.

காரணம், உயிரியலில் சிதறல் குறைவு. எல்லாரும் நெருங்கி நிற்கும் பாடத்தில் ஒரு புள்ளி கூடுதலாக எடுப்பது, பரந்து சிதறிய பாடத்தில் ஒரு புள்ளி எடுப்பதைவிடப் பெறுமதி கூடியது. இந்தக் கணக்கில் உயிரியலின் ஒரு புள்ளிக்கு அந்தப் பாடத்தின் இசட்டில் 0.0714 ஏறும், இரசாயனவியலில் 0.0556தான். மொத்தப் புள்ளி முறையில் இது தலைகீழாக நடக்கும். எந்தப் பாடத்தில் சிதறல் அதிகமோ அந்தப் பாடமே வரிசையைக் கூடுதலாகத் தீர்மானிக்கும். மற்ற இரண்டின் பலமும் குறைந்துவிடும். இசட் புள்ளி அதைச் சரிசெய்து மூன்று பாடங்களுக்கும் ஒரே பலத்தைக் கொடுக்கிறது. பாடங்களைத் தெரிவுசெய்ய நிறைய இடமுள்ள கலை, வணிகப் பிரிவுகளில் இதன் பயன் இன்னும் அதிகம். இலகுவில் புள்ளி விழும் பாடத்தை எடுத்துத் தப்பித்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே பலிக்காது. சராசரி 70, நியம விலகல் 12 உள்ள பாடத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் 2.5க்கு மேல் போக முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இசட் புள்ளி மாணவரின் புள்ளியை மட்டும் பொறுத்ததல்ல, கூட எழுதியவர்களையும் பொறுத்தது. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதி கிடைத்த கடைசி ஆளின் இசட் புள்ளியை, சுவரில் எழுதி வைத்துப் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அந்த எண் சென்ற ஆண்டு எழுதியவர்களின் சராசரியோடும் சிதறலோடும் கட்டுண்டது. இந்த ஆண்டு அதே 2.0 எடுக்க எத்தனை புள்ளி வேண்டும் என்பது பரீட்சை முடிந்து எல்லாத் தாளும் திருத்தப்படும்வரை யாருக்கும் தெரியாது.

இதுவரை எல்லாம் ஒழுங்கான கணக்கு. ஆனால் அதன் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. பௌதிகவியலில் சராசரி 35 என்றால், தாள் கடினமாக இருந்ததா, எழுதியவர்கள் பலவீனமானவர்களா? புள்ளிப் பட்டியலை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. இசட் புள்ளி தாள்தான் கடினம் என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது ஒவ்வொரு பாடத்தையும் எழுதிய கூட்டம் திறமையில் ஒன்றுக்கொன்று சமம் என்று நினைத்துக்கொள்கிறது. ஆகவே யாரை யாரோடு ஒரே கூட்டத்தில் வைப்பது என்று முடிவெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இந்த நாட்டில் அதை எங்கள் தமிழ்ப் பிள்ளைகளைவிடக் கசப்பாக அறிந்தவர்கள் இல்லை.

1970இல் வந்த அரசாங்கம், நான்கு பாட மொத்தத்தில் மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலத்தவருக்கு 229, தமிழ் மொழிமூலத்தவருக்கு 250. பேராதனைப் பொறியியலுக்கு 227உம் 250உம். 1973இல் இதற்குக் கணித உடுப்பு போடப்பட்டது: ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளையும் ஒரே அளவுக்கு மாற்றி, ஒவ்வொரு மொழியிலும் எத்தனை பேர் எழுதினார்களோ அந்த விகிதத்திலேயே தெரிவும் வரும்படி செய்தார்கள். தரப்படுத்தல் என்று நாம் இன்றுவரை சொல்வது இதைத்தான். ஒரு பாடத்தை இன்னொரு பாடத்தோடு ஒப்பிட இன்று செய்வதும், ஒரு மொழியை இன்னொரு மொழியோடு ஒப்பிட அன்று செய்ததும் கணக்களவில் நெருங்கிய உறவினர். வேறுபாடு அனுமானத்தில். பௌதிகவியலும் உயிரியலும் வேறு வேறு தாள்கள். ஒன்று மற்றதைவிடக் கடினமாக இருக்க இடமுண்டு. 1973இல் இரு மொழிமூலத்தவரும் எழுதியது ஒரே பரீட்சை. 1969 அளவில் பொறியியல் அனுமதியில் ஏறத்தாழப் பாதியாக இருந்த தமிழ் மாணவர் பங்கு, 1974இல் ஆறில் ஒன்றாகச் சுருங்கியது. ஒரு தலைமுறையின் நம்பிக்கை அந்தச் சில வருடங்களில் முறிந்தது. அதை அநீதி என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

1977இல் ஆட்சி மாறிய பிறகு மொழிவாரித் தரப்படுத்தல் போய்விட்டது. ஆனால் கூட்டத்தைப் பிரிக்கும் சிக்கல் போகவில்லை. 2011இல் புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை எழுதியவர்களும், பழைய பாடத்திட்டத்தில் திரும்ப எழுதியவர்களும் ஒரே ஆண்டில் பரீட்சைக்குத் தோற்றினார்கள். வேறு வேறு வினாத்தாள்கள். பரீட்சைத் திணைக்களம் இரு சாராரையும் சேர்த்து இசட் புள்ளி கணித்துப் பெறுபேற்றை வெளியிட்டது. மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தக் கணிப்பை ரத்துச் செய்து, இரண்டையும் தனித்தனிக் கூட்டங்களாக எடுத்துத் திரும்பக் கணிக்கச் சொன்னது. சேர்த்துக் கணித்தால் இரண்டு தாள்களும் ஒரே கடினம் என்று சொன்னதாகிறது. பிரித்துக் கணித்தால் முதன்முறை எழுதியவர்களும் திரும்ப எழுதியவர்களும் ஒரே திறமை என்று சொன்னதாகிறது. இரண்டுமே முழு உண்மையல்ல. தாள்கள் வேறு என்பதாவது கண்ணால் காணக்கூடியது என்பதால், நீதிமன்றம் எடுத்த வழியே பொருத்தமானது என்று நினைக்கிறேன்.

இசட் புள்ளி கணித்து முடிந்த பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களின் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரிக்கப்படும். மீதி 5 வீதம், பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்குக் கூடுதலாகப் போகும். வடக்கின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கின் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, அம்பாந்தோட்டையும் உண்டு. பரீட்சை எழுதியவர் தொகையை இங்கே எடுப்பதில்லை, மாவட்டத்தின் சனத்தொகையைத்தான் எடுக்கிறார்கள். அதனால் ஆட்கள் நிறைய, ஆனால் விஞ்ஞானப் பிரிவில் படிப்பவர் குறைய இருக்கும் மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி இறங்கும். கொழும்பில் மருத்துவத்துக்குப் போதாத இசட் புள்ளி முல்லைத்தீவில் போதும்.

இந்த ஒதுக்கீடு தேவை என்பதுதான் என் நிலைப்பாடு. ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியரும் இல்லாத பாடசாலையில் எடுத்த 1.6ஐயும், கொழும்பின் பெரிய பாடசாலையில் எடுத்த 1.6ஐயும் ஒரே உழைப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனால் மாவட்டம் என்ற எல்லை மிகவும் அகலமானது. யாழ் நகரத்தின் பெயர்பெற்ற கல்லூரியில் படித்து, மாலையில் நல்ல ரியூசனுக்குப் போகும் பிள்ளையும், நெடுந்தீவில் படகை நம்பி வரும் ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலில் நிற்கிறார்கள். நுவரெலியாவில் நகரப் பாடசாலைப் பிள்ளையும் தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் அப்படித்தான். மாவட்டத்துக்குப் பதிலாகக் கல்வி வலயத்தை அலகாக எடுத்தால் இந்த இடைவெளி ஓரளவு குறையும். அதிலும் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு: அலகு சிறிதாகச் சிறிதாக, ஒரு வலயத்துக்கு வரும் மருத்துவ இடம் ஒன்றாகவோ பூச்சியமாகவோ சுருங்கிவிடும். அந்த ஓர் இடத்துக்கான வெட்டுப்புள்ளி, அந்த ஆண்டில் அங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் இருந்தாரா இருவர் இருந்தார்களா என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும்.