ஊசி போட்டது கிளப், தடை வீரருக்கு: ஆஸ்திரேலிய ஊக்கமருந்து விதியில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

மெல்பர்னின் ஃபூட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) கிளப்பான எசென்டனின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், 2012 ஊசி விவகாரம் பற்றிய அந்தச் சண்டை இன்றைக்கும் வந்துவிடும். "பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்? கிளப் சொன்னது, கேட்டார்கள்" என்பார் ஒருவர். "வாரா வாரம் ஊசி போடுகிறார்கள், என்ன மருந்து என்று கேட்க வாய் இல்லையா?" என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் விதிக்கு இந்த வாதம் தேவையே இல்லை. தடை செய்த பொருள் உங்கள் உடம்புக்குள் போயிருந்தால் மீறல் உங்களுடையது. யார் கொடுத்தார், உங்களுக்குத் தெரியுமா என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கலாமா என்று பேசும்போதுதான் வரும். அங்கேயும் குறைத்துவிடுவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

இது தெரியாமல் இளம் வீரர்களும் அவர்கள் பெற்றோரும் அலைக்கழிவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மெல்பர்ன், சிட்னி பக்கம் நம் குடும்பத்துப் பிள்ளைகளும் ஃபூட்டியோ கிரிக்கெட்டோ கிளப்பில் பதிந்து ஆடுகிறார்கள். டிவியில் வருகிற ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைத்துவிடாதீர்கள். தேசிய அமைப்போடு இணைந்த லீக் என்றால், பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதுமே உள்ளூர் கிளப் வீரரும் இதற்குள் வந்துவிடுகிறார். படிவத்தின் அந்தப் பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 பருவத்தில் எசென்டன் கிளப் தன் வீரர்களுக்கு ஒரு சப்ளிமென்ட் திட்டம் நடத்தியது. அதை நடத்தியவர் ஸ்டீபன் டேங்க் என்ற விளையாட்டு அறிவியலாளர். தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஹெர்ட். 2013 பிப்ரவரி 5 அன்று கிளப்பே விசாரணை கேட்டு முன்வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கான ஏ.எஃப்.எல்., கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம் போட்டு இறுதிச் சுற்றிலிருந்து நீக்கியது. ஹெர்டுக்கு 12 மாதத் தடை. 2015 மார்ச்சில் ஏ.எஃப்.எல். தீர்ப்பாயம், ஆதாரம் போதாது என்று 34 வீரர்களையும் விடுவித்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா மேல்முறையீடு செய்தது. 2016 ஜனவரி 12 அன்று சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 34 பேருக்கும் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. தைமோசின் பீட்டா-4 என்ற தடை செய்யப்பட்ட பொருள் அவர்களுக்குச் செலுத்தப்பட்டது என்பது தீர்ப்பு. அப்போதும் ஏ.எஃப்.எல்.-இல் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு 2016 பருவம் முழுதும் போனது. கேப்டன் ஜோப் வாட்சன் 2012-இல் வாங்கிய பிரவுன்லோ பதக்கமும் (லீக்கின் சிறந்த வீரருக்குத் தருவது) போனது.

ஒரு வீரர்கூடச் சோதனையில் தைமோசின் பீட்டா-4-க்காகப் பிடிபடவில்லை என்பதைக் கவனியுங்கள். "டெஸ்டில் எதுவும் வரவில்லையே, அப்புறம் என்ன?" என்று இன்றும் கேட்கிறார்கள். சோதனை முடிவு இல்லாமலே, குறுஞ்செய்திகள், கொள்முதல், படிவங்கள், வாக்குமூலங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து மீறலை நிரூபிக்கலாம். கொலை வழக்கில் கேட்கும் அளவு உறுதி இங்கே தேவையில்லை; நடுவர்கள் "நிறைவாகத் திருப்தி" அடைந்தால் போதும். நடந்து பத்து ஆண்டு வரை வழக்குப் போடவும் இப்போதைய விதியில் இடம் உண்டு.

சம்மதப் படிவம் காப்பாற்றாது

எசென்டன் வீரர்களுக்குக் கொடுத்த படிவத்தில் நாலு பெயர்கள் இருந்தன: ஏஓடி-9604, தைமோசின், கொலஸ்ட்ரம், ட்ரிபுலஸ். இவை எல்லாம் வாடா விதிக்கு ஏற்றவையே என்ற உறுதிமொழியும் இருந்தது. ஒரு இருபது வயதுப் பையன் கையில் இப்படி ஒரு தாளைக் கொடுத்தால் என்ன செய்வான்? கையெழுத்துப் போட்டான்.

இங்கேதான் வினை. தைமோசின் என்பது ஒரே பொருள் கிடையாது. அந்தப் பெயரை ஒட்டிப் பல பொருள்கள் இருக்கின்றன. சிலவற்றுக்குத் தடை இல்லை. பீட்டா-4-க்குத் தடை உண்டு. படிவத்தில் "தைமோசின்" என்று மொட்டையாகத்தான் இருந்தது. ஏஓடி-9604 கதை வேறு. அது தடைப்பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆனால் மனிதர்களுக்கான மருந்தாக எந்த அரசும் அங்கீகரிக்காத பொருள் எதுவும் தடை என்று பட்டியலின் முதல் பிரிவே சொல்கிறது. "லிஸ்டில் பெயர் இல்லை, அதனால் சரி" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

"அனுமதி வாங்கியாயிற்று, மெயில் இருக்கிறது" என்பதும் அடிக்கடி காதில் விழும். கிளப் ஊழியர் யாரோ யாருக்கோ எழுதிய மெயில் உங்களுக்கு அனுமதி ஆகாது. பொருளின் முழுப் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் ஊசி வேண்டாம் என்று சொல்லுங்கள். டேவிட் ஸஹாராகிஸ் என்ற எசென்டன் வீரர் ஊசி என்றால் பயம் என்பதால் மறுத்தார். தடை வாங்கிய 34 பேரில் அவர் இல்லை. அணியில் அவர் இடம் பறிபோகவும் இல்லை.

மருத்துவரைத் தாண்டிப் போகிறார்கள் என்றால்

எசென்டன் கிளப் மருத்துவர் புரூஸ் ரீட், தன்னை ஓரங்கட்டிவிட்டு இந்தத் திட்டம் நடப்பது பற்றி 2012 தொடக்கத்திலேயே கவலை தெரிவித்துக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இருந்த விஷயம் வீரர்களை எட்டவில்லை. ஆனால் நடுவர் மன்றம் வீரர்களிடம் கேட்டது வேறு: உங்கள் டாக்டரிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? இணையத்தில் ஏன் தேடிப் பார்க்கவில்லை? அத்தனை பேரும் நம்பிக்கையில் இருந்தோம் என்ற பதில் எடுபடவில்லை. "குறிப்பிடத்தக்க தவறு இல்லை" என்ற சலுகை கிடைத்திருந்தால் தடை பாதியாகக் குறைந்திருக்கலாம். அது கிடைக்கவில்லை.

இன்னொன்றும் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்போது ஒரு படிவம் நிரப்புவார்கள். கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்து, சப்ளிமென்ட் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். சோதனைக்கு உட்பட்ட வீரர்கள் இந்த ஊசிகளை அதில் எழுதவில்லை. மறைத்தார்கள் என்று நடுவர்கள் பார்த்தார்கள். மறதியோ அசட்டையோ கூட இருக்கலாம். ஆனால் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஊசி, மாத்திரை, புரோட்டீன் பவுடர், கஷாயம் எதுவானாலும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் "கிளப் போட்ட ஊசி, பெயர் தெரியாது" என்றே எழுதுங்கள். எழுதியதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். சோதனைக்கு வருபவரின் அடையாள அட்டையைக் கேட்கலாம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். சோதனையை மறுப்பது மட்டும் கூடாது. மறுப்பதே தனி மீறல்.

வீட்டு மருந்து, கடை பவுடர், டாக்டர் சீட்டு

நம் வீடுகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதானே என்ற நம்பிக்கை. டாக்டர் சீட்டு ஊக்கமருந்து விதிக்கு விலக்கு ஆகாது. இன்சுலின் எப்போதுமே தடைப்பட்டியலில் இருக்கிறது, சர்க்கரை நோய் உள்ள பிள்ளை என்றாலும். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் அளவோடு சரி: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எட்டு மணி நேரத்தில் 600-க்கு மேல் கூடாது. அதே ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் டெர்பியூட்டலினுக்குச் சிகிச்சை விலக்கு, அதாவது தடை செய்த மருந்தை நோய்க்காக எடுக்க அனுமதி, வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்று போலத்தான் மருந்துக் கடையில் கொடுப்பார்கள். சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ஆட்ட நாளில் அளவு மீறினால் பிரச்சினை.

விலக்கு வாங்கப் போனால் அலைச்சல் ஆரம்பம். கிளப்பில் கேட்டால் டாக்டரைக் கேள் என்பார்கள். டாக்டர், அது விளையாட்டு ஆட்கள் வேலை என்பார். விண்ணப்பம் போக வேண்டிய இடம் ஆஸ்திரேலிய விளையாட்டு மருந்து மருத்துவ ஆலோசனைக் குழு. சீட்டு மட்டும் வைத்து அனுப்பினால் திரும்பி வரும். நோய் உறுதியான பரிசோதனை முடிவு, நிபுணரின் கடிதம், வேறு மருந்து ஏன் சரிப்படவில்லை என்ற விளக்கம் ஆகியவை வேண்டும். மேல்மட்டத்தில் ஆடுபவர் மருந்து எடுக்கும் முன்பே விலக்கு வாங்கியாக வேண்டும். கீழ்மட்டத்தவர் சோதனைக்குப் பிறகு கேட்க வழி உண்டு. ஆனால் பிறகு கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. இந்தத் தாள்களை இன்றைக்கே தயாராக வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் விற்கும் மருந்தை குளோபல் டிஆர்ஓ இணையதளத்தில் சரிபார்க்கலாம். தேடலுக்கு ஒரு குறிப்பு எண் வரும். அதைச் சேமித்துக்கொள்ளுங்கள், நீங்கள் கவனமாக இருந்ததற்கு அதுவே சான்று. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த மாத்திரை அதில் வராது, இந்திய, இலங்கைச் சந்தை அதில் இல்லை. லேகியம், சூரணம், மூலிகை மாத்திரை, சப்ளிமென்ட் எதுவும் வராது. பாட்டி ஆசையாகக் கொடுத்து அனுப்பியதை வேண்டாம் என்பது கஷ்டம்தான். பதிவு பெற்ற வீரர் என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

கடையில் விற்கிறது, அதனால் சட்டப்படி சரி என்பதும் ஏமாற்றும் நினைப்பு. எசென்டன் விவகாரம் ஓடிக்கொண்டிருந்த அதே 2013-இல் இன்னொரு ஏ.எஃப்.எல். கிளப்பான செயின்ட் கில்டாவின் வீரர் அகமது ஸாத், ஆட்ட நாளில் குடித்த ஒரு ஊக்க பானத்தில் மெத்தில்சினஃப்ரின் இருந்ததால் மாட்டினார். 18 மாதத் தடை. சப்ளிமென்ட் எடுத்தே தீருவேன் என்றால், தொகுதிவாரியாகச் சோதித்த பொருளை, நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான ஸ்போர்ட் இன்டெக்ரிட்டி ஆஸ்திரேலியாவின் செயலியில் தேடுங்கள். டப்பாவின் தொகுதி எண்ணும் செயலியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அதே பிராண்டு, அதே சுவை என்பது போதாது.

தடை பெற்ற பயிற்சியாளர், அறிவியலாளரோடு வேலை வைத்துக்கொள்வதும் 2015 முதல் மீறல்தான். டேங்குக்கு ஏ.எஃப்.எல். வாழ்நாள் தடை விதித்தது. ஜிம்மில் புதிதாக ஒருவர் உடம்பைத் தேற்றித் தருகிறேன் என்று வந்தால், தடை பெற்றோர் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

முதலில், கிளப் வக்கீல் உங்கள் வக்கீல் இல்லை. கிளப்புக்குத் தன் பெயரும் பணமும் முக்கியம். எசென்டனும் ஹெர்டும் விசாரணையே செல்லாது என்று ஃபெடரல் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். அந்த மாதங்கள் எல்லாம் வழக்கு வீரர்களின் தலைமேல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ரக்பி லீக்கில் குரோனுல்லா வீரர்கள் இதே போன்ற இன்னொரு விவகாரத்தில் 2014-இல் மீறலை ஒப்புக்கொண்டார்கள். 12 மாதத் தடை, அதுவும் முன்தேதியிட்டது. ஆட்டங்கள் கொஞ்சம்தான் போயின. எசென்டன் வீரர்களும் ஒத்துப்போயிருக்கலாமே என்பது ரசிகர்களின் இன்னொரு சண்டை. செய்யாததை ஒப்புக்கொள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வழிக்கு எவ்வளவு தடை என்ற கணக்கை முதல் வாரத்திலேயே உங்கள் சொந்த வக்கீல் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தற்காலிக இடைநீக்கத்தில் இருந்த நாள் பிறகு தடையில் கழியும். எசென்டன் வீரர்களுக்குத் தடையை 2015 மார்ச் இறுதியிலிருந்தே கணக்கிட்டு, இந்த நாட்களையும் கழித்ததால்தான் அது 2016 நவம்பரில் முடிந்தது. இடைநீக்கத்தை எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள், தேதி இருக்கட்டும். தடைக்காலத்தில் உங்கள் கிளப்பில் மட்டுமல்ல, விதிக்கு உட்பட்ட வேறு எந்த விளையாட்டுக் கிளப்பிலும் ஆடவோ அணியோடு பயிற்சி எடுக்கவோ முடியாது. கடைசி இரண்டு மாதம் அல்லது தடையின் கடைசிக் கால்பங்கு, எது குறைவோ அந்தக் காலத்தில் பயிற்சிக்குத் திரும்பலாம்.

அப்புறம் பதிவேடு. விக்டோரியாவில் சுகாதாரப் பதிவேடுச் சட்டப்படி உங்கள் உடம்பு பற்றி கிளப் வைத்திருக்கும் தகவலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. 45 நாளில் பதில் தர வேண்டும், இல்லையென்றால் சுகாதாரப் புகார் ஆணையரிடம் போகலாம். ஆனால் எழுதியே வைக்காததை எந்தச் சட்டமும் எடுத்துத் தராது. எசென்டனில் யாருக்கு எதை எவ்வளவு செலுத்தினார்கள் என்ற முழுப் பதிவு இல்லை. தன் உடம்பில் என்ன ஏற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு இளம் வீரர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் அன்றே குப்பியின் படத்தை எடுங்கள். தேதி, போட்டவர் பெயர் எழுதி, கிளப்புக்கு வெளியே இருக்கும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.

சம்பளம் வாங்கும் வீரர் தொழிலாளியும்கூட. பாதுகாப்பான வேலையிடம் தரவில்லை என்று மாநிலத்தின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஒர்க்சேஃப் விக்டோரியா தொடுத்த வழக்கில் எசென்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016 ஜனவரியில் இரண்டு லட்சம் டாலர் அபராதம். அந்தப் பணம் வீரர் கைக்கு வராது. இழப்பீடு தனி வழி. அதை வீரர்கள் கிளப்போடு தனியே பேசித்தான் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இழந்த சம்பளம், வக்கீல் செலவு, மருத்துவச் செலவு எல்லாவற்றின் ரசீதையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். கிளப் நீட்டும் எந்த உடன்பாட்டுத் தாளையும் உங்கள் வக்கீல் படிப்பதற்கு முன் கையெழுத்திட வேண்டாம்.