உறுமும் மோட்டாருக்குள் இரண்டு காந்தப்புலங்கள்

திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் வீட்டு மோட்டார் சுற்றாமல் உறுமினால் முதலில் கண்டன்சரை மாற்றிப் பார்ப்பார்கள். சரியான முதல் அடிதான். மாற்றியும் காயில் சூடேறினால், மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்தே ஆக வேண்டும்.

சிங்கிள் பேஸ் மோட்டாரில் கிளப்ப ஸ்டார்ட்டிங் காயில், ஓட ரன்னிங் காயில் என இரண்டு உண்டு. ரன்னிங் காயில் மட்டும் வேலை செய்யும்போது அதன் காந்தப்புலம் சுற்றுவதில்லை. ஒரே கோட்டில் ஏறி இறங்கும். அதை எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சமபுலங்களாகப் பிரித்துக் கணக்கிடுவதே இரட்டைச் சுழல்புல முறை. நின்றிருக்கும் ரோட்டாரை, அதாவது மோட்டாரின் சுழலும் பாகத்தை, இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஒரே பலத்தில் இழுப்பதால்தான் அது சுற்றாமல் உறுமுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் ஒத்திசைவு வேகம், அதாவது அந்தப் புலங்கள் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 1500 சுற்று. ரோட்டார் 1440 சுற்றில் ஓடினால், அதன் திசையிலேயே சுற்றும் முன்புலத்துக்கு நழுவல் (வேக வித்தியாசத்தை 1500ஆல் வகுத்தது) 0.04, எதிர்த்திசையில் சுற்றும் பின்புலத்துக்கு 1.96. அந்தப் பின்புலம் ரோட்டாரில் 98 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைத் தூண்டி, முறுக்குவிசையையும் குறைத்து, சூட்டையும் ஏற்றுகிறது.

இனி சோதனை. ஸ்டார்ட்டிங் காயிலைக் கழற்றிவிட்டு, ரோட்டாரை அசையாமல் பிடித்து, வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர் வந்ததும் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் குறிக்க வேண்டும். சில நொடிகளுக்குள் முடியுங்கள். ஃபேன் சுற்றாததால் காயில் வேகமாகச் சூடாகும். உதாரணமாக 90 வோல்ட், 4 ஆம்பியர், 200 வாட் என்றால், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 22.5 ஓம். 200ஐ 4-இன் வர்க்கமான 16ஆல் வகுத்தால் மின்தடை 12.5 ஓம். இரண்டின் வர்க்க வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் எதிர்வினைப்பு (ரியாக்டன்ஸ்) சுமார் 18.7 ஓம். மல்டிமீட்டரில் காயிலின் தடை 5.5 ஓம் காட்டினால், மீதி 7 ஓம் ரோட்டாருடையது.

அடுத்து, முழு வோல்ட்டில் சுமையில்லாமல் ஓட்டும் சோதனை. மோட்டார் வேகம் பிடித்த பிறகு ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிக்க வேண்டும். மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ள மோனோபிளாக் பம்பைத் தண்ணீரில்லாமல் ஓட்டினால் சீல் கருகிவிடும். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கழற்றிவிட்டே ஓட்டுங்கள். ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வகை மோட்டார் சும்மா ஓடும்போதே கணிசமான ஆம்பியர் எடுக்கும். அதில் பெரும்பகுதி காந்தமாக்கும் மின்னோட்டம். உண்மையான இழப்பை வாட்மீட்டர்தான் காட்டும். ரீவைண்டிங்கில் சுற்றுகள் குறைந்திருந்தால் ஆம்பியர், வாட் இரண்டும் ஏறும். பேரிங் இறுகியிருந்தால் வாட் கூடுதலாகக் காட்டும். கையால் சுற்றினாலே அது தெரிந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மோட்டார் திணறினால், கிளப்பும் நொடியில் அதன் முனையிலேயே வோல்ட்டைப் பாருங்கள். முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது: 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 இருந்தால் சுமார் 61 சதவீதமே மிஞ்சும். லைனின் கடைக்கோடி வீடுகளிலும், தோட்டத்துக்கு மெல்லிய ஒயரை நீளமாக இழுத்த இடங்களிலும் கோளாறு மோட்டாரில் இல்லை, ஒயரில்.