‘இதற்கு அடுத்தது எது?’: ஓர் அட்டவணை தன்னைத் தானே சொல்லும் விதம்

கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சர்வர் அறையில் நான்கு இடங்களில் வெப்ப உணரி வைத்திருக்கிறோம். அளவுகள் ஒரு லினக்ஸ் பெட்டிக்கு வந்துவிடுகின்றன. அதை எஸ்.என்.எம்.பி. வழியாக ஓர் அட்டவணையாகக் கொடுத்தால் கண்காணிப்பு மென்பொருள் தானே படித்துக்கொள்ளும் என்கிறார்கள். என்னிடம் எத்தனை உணரிகள் இருக்கின்றன, அவற்றின் எண்கள் என்ன என்பது அந்த மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?”

கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

எஸ்.என்.எம்.பி. என்பது வலைப்பின்னலில் உள்ள கருவிகளைக் கண்காணிக்க 1988-இல் வெளியான நெறிமுறை, அதாவது கருவிகள் பேசிக்கொள்வதற்கான விதிமுறை. ரூட்டர், ஸ்விட்ச், பிரிண்டர், யு.பி.எஸ். என்று பலவற்றுக்குள்ளும் ‘ஏஜென்ட்’ என்ற சிறு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். மேலாளர் மென்பொருள் யு.டி.பி. 161-ஆம் போர்ட்டில் கேள்வி அனுப்பும், ஏஜென்ட் பதில் சொல்லும். ஏஜென்ட் தரும் ஒவ்வொரு தகவலுக்கும் புள்ளி வைத்த எண் தொடர் ஒன்றுதான் பெயர். அதை ஓ.ஐ.டி. என்பார்கள். 1.3.6.1 என்று தொடங்கும் தொடரில் அந்த 6 அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைக் குறிக்கிறது. இணையம் யார் பணத்தில் பிறந்தது என்பதற்கான தழும்பு அது. நிறுவனங்களுக்கான கிளை 1.3.6.1.4.1. அதன் கீழ் ஓர் எண் வேண்டும் என்றால் இணைய எண்களைப் பகிர்ந்தளிக்கும் ஐயானா அமைப்பிடம் இலவசமாக வாங்கலாம். வெறும் சோதனைக்கு என்றால், ஏஜென்ட் நிரலை இலவசமாகத் தரும் நெட்-எஸ்.என்.எம்.பி. திட்டம் தன் 8072-ஆம் எண்ணுக்குக் கீழே 9999.9999 என்று ஒரு விளையாட்டுத் திடலையே ஒதுக்கி வைத்திருக்கிறது.

சரி, அட்டவணைக்கு வருவோம். உங்கள் உணரிகளின் எண்கள் 1, 2, 7, 10 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சில பழுதாகிக் கழற்றப்பட்டவை. அட்டவணையில் ஓர் உணரிக்கு ஒரு வரி. மேலிருந்து கீழாக ஓடும் பத்திகள் மூன்று: பத்தி 1 உணரியின் எண், பத்தி 2 அது இருக்கும் இடம், பத்தி 3 வெப்பம். எஸ்.என்.எம்.பி.யின் அடிப்படை வகைகளில் தசம எண் கிடையாது. அதனால் 27.4 டிகிரியை 274 என்று முழு எண்ணாக அனுப்பிவிட்டு, பத்தில் ஒரு பங்கு என்று விளக்கக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஒரு கட்டத்தின் பெயர், அட்டவணையின் ஓ.ஐ.டி., பிறகு ஒரு 1, பிறகு பத்தி எண், கடைசியில் உணரி எண். ஆக 7-ஆம் உணரியின் வெப்பம் ‘3.7’ என்று முடியும். உணரி எண் பெயரிலேயே வந்துவிடுவதால் பத்தி 1-ஐத் தனியாக அனுப்பத் தேவையே இல்லை. அதை ‘அணுக முடியாதது’ என்று அறிவித்துவிடுவது வழக்கம்.

இப்போது விளக்கக் கோப்பிலிருந்து மேலாளருக்குப் பத்தி 3 இருப்பது தெரியும், 7-ஆம் உணரி இருப்பது தெரியாது. ‘எத்தனை வரிகள்?’ என்று கேட்கும் கட்டளையும் இந்த நெறிமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக இருப்பது கெட்-நெக்ஸ்ட் என்ற ஒரே கேள்வி: “இந்தப் பெயருக்கு அடுத்த பெயர் எது, அதன் மதிப்பு என்ன?”

அகராதியை நினைத்துப் பாருங்கள். நீங்கள் தேடும் சொல் அதில் இல்லாவிட்டாலும், இருந்தால் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று விரல் வைக்க முடியும். அந்த இடத்துக்கு அடுத்த சொல் எது என்றும் சொல்ல முடியும். கெட்-நெக்ஸ்ட் செய்வது இதுவேதான். மேலாளர் ‘3’ என்று மட்டும் அனுப்புகிறது (முன்னால் வரும் நீண்ட தொடரை இங்கே விட்டுவிடுகிறேன்). அந்தப் பெயரில் எதுவும் இல்லை, ஆனாலும் பதில் உண்டு: ‘3.1’, மதிப்பு 241. அடுத்து ‘3.1’ஐ அனுப்பினால் ‘3.2’. ‘3.2’ஐ அனுப்பினால் ‘3.7’. பிறகு ‘3.10’. அதற்கும் அடுத்ததைக் கேட்டால் அட்டவணைக்கு வெளியே உள்ள ஒரு பெயர் வரும், அல்லது ‘இதோடு முடிந்தது’ என்ற பதில் வரும். பெயரின் தொடக்கப் பகுதி மாறிவிட்டதைப் பார்த்து மேலாளர் நிறுத்திக்கொள்கிறது.

எனக்கு இதில் மனதைப் பறிகொடுக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. ஏஜென்ட் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. யார் கேட்டார்கள், எதுவரை படித்தார்கள் என்ற கணக்கே அதனிடம் இல்லை. எதுவரை படித்தோம் என்று காட்டும் பக்க அடையாளம் கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறது. பதில் வழியில் தொலைந்துபோனால் அதே கேள்வியை மறுபடி அனுப்பலாம், எதுவும் கெடாது. பத்து மேலாளர்கள் ஒரே நேரத்தில் படித்தாலும் குழப்பமில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ 7-ஆம் உணரியைப் பிடுங்கிவிட்டார்கள் என்றாலும் ‘3.7-க்கு அடுத்தது எது?’ என்ற கேள்விக்கு அர்த்தம் மாறுவதில்லை. விடை 3.10தான். சில கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள கருவிகளுக்காக யோசித்து, இவ்வளவு உறுதியான ஒன்றை அடைந்திருக்கிறார்கள்.

வரிசைப்படுத்துவதில் மட்டும் கவனம் வேண்டும். ஒப்பிடுவது எண் எண்ணாக, இடமிருந்து வலமாக. எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும், படிப்பது பாதியில் சிக்கும். உணரிக்கு எண்ணுக்குப் பதில் பெயர் வைத்தால் இன்னும் சுவாரசியம். பெயரின் நீளம் முதலில், பிறகு ஒவ்வொரு பைட்டும் ஓர் எண். அதனால் ஆங்கிலத்தில் மூன்றெழுத்தான ‘ஜூ’, ஐந்தெழுத்தான ‘ஆப்பிள்’ சொல்லுக்கு முன்னால் வரும்! தமிழ் ‘அ’ யுனிகோடின் யு.டி.எஃப்-8 வடிவில் மூன்று பைட் என்பதால் 3.224.174.133 ஆகும்.

ஏஜென்ட் பக்கம் நீங்கள் எழுதவேண்டியது கொஞ்சம்தான். நெட்-எஸ்.என்.எம்.பி.யில் டேபிள் இட்டரேட்டர் என்று ஓர் உதவி உண்டு. முதல் வரி எது, அதற்கடுத்த வரி எது என்று இரண்டு செயல்கூறுகள் கொடுத்தால் போதும், தரவு எந்த வரிசையில் இருந்தாலும் அது தேடிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் எல்லா வரிகளையும் தடவிப் பார்க்கும். நான்கு உணரிகளுக்குப் பரவாயில்லை. 1,000 வரி, 5 பத்தி என்றால் 5,000 கேள்விகள், 50 லட்சம் ஒப்பீடுகள். அப்போது முன்பே வரிசைப்படுத்தி, சில நொடிகளுக்குச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. 1993-இல் வந்த கெட்-பல்க் ஒரே கேள்வியில் பல ‘அடுத்தது’களைத் தரும். அது வலைப்பின்னல் போக்குவரத்தைக் குறைக்கும், ஏஜென்டின் தேடல் வேலையைக் குறைக்காது.

அட்டவணையைப் படிக்க மட்டும் என்று பதிவு செய்யுங்கள். யாராவது மதிப்பை மாற்ற முயன்றால் ‘எழுத முடியாது’ என்று ஏஜென்டே மறுத்துவிடும். எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பில் பரவலாகப் புழங்கும் வடிவில், கேள்வியோடு அனுப்பும் கடவுச்சொல் போன்ற ஒரு சரம் மறையாக்கம் இல்லாமல் கம்பியில் போகிறது, எழுதும் உரிமையைத் திறந்துவைப்பது வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம். வெப்பமானியில் எழுதுவதற்குத்தான் என்ன இருக்கிறது?

இந்த நெட்-எஸ்.என்.எம்.பி. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் முளைத்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வளர்ந்த நிரல். இன்று உலகமே இலவசமாகப் பயன்படுத்துகிறது. புதிதாக ஒன்றை உருவாக்க நிதி ஒதுக்கும் அமைப்புகள், இருப்பதைப் பராமரிப்பவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் பல்கலைக்கழகங்களும் இப்படிப்பட்ட நிரலைப் பராமரிப்பதை ஆய்வுப் பணியாகவே மதிக்கவேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்துபாருங்கள். இல்லவே இல்லாத ‘3.8’க்கு அடுத்தது எது என்று கெட்-நெக்ஸ்ட் அனுப்புங்கள். 3.10 வந்தால் உங்கள் அட்டவணை தயார். பிழை வந்தால், அகராதியில் இல்லாத சொல்லைக் கண்டு உங்கள் நிரல் திகைத்து நிற்கிறது. கேட்ட பெயரை அப்படியே தேடும் வரியைக் கண்டுபிடித்து, அதைவிடப் பெரியவற்றில் மிகச் சிறியதைத் தேடும்படி மாற்றுங்கள்.