பிரேக் கத்தினால் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்

மறுபடியும் ஒரு கார் எங்கள் பட்டறைக்கு வந்து நின்றது. பிரேக் பிடிக்கும்போது கிரீச் என்று சத்தம் வருகிறதாம். வீட்டிலேயே வீல் இடுக்கு வழியாகத் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டார்கள். சத்தம் அடங்கிவிட்டது, ஆனால் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. வீலைக் கழற்றினால், வீலோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டில் விரல் வழுக்குகிறது, அதை அழுத்திப் பிடிக்கும் பேடு எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. பின் சீட்டில் குழந்தைக்கான சீட் வேறு மாட்டியிருந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

சத்தம் வந்தால் எண்ணெய் விட வேண்டும் என்ற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கதவுக் கீலுக்கு அது சரி. பிரேக் உரசினால்தானே வண்டி நிற்கும்? பேடு தேய்ந்து 2, 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே பல பேடுகளில் ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். அதன் வாயை அடைத்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். எண்ணெய் ஊறிய பேடைத் துடைத்தோ உப்புத்தாளால் தேய்த்தோ மீட்க முடியாது. இடது, வலது இரண்டு பக்க வீலுக்கும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். மழைக்கு மறுநாள் காலை முதல் சில பிரேக்கில் வரும் கரகரப்பு வேறு. அது டிஸ்க்கில் படிந்த துரு, தானே போய்விடும்.

இந்த மாதிரி ஸ்ப்ரேக்களில் எல்லோருக்கும் தெரிந்த டபிள்யூடி-40, 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவானது. அட்லஸ் ஏவுகணையின் உடம்பில் பூசினார்கள். இறுகிய போல்ட்டை இளக்க நாங்களும் தினமும் எடுக்கிறோம். சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் பெட்ரோலிய எண்ணெய் எதையும் விடாதீர்கள், ரப்பர் உப்பி இளகிப்போகும். ரப்பருக்கு சிலிகோன் ஸ்ப்ரேதான். அதுவும் ரப்பர் வெடிக்காமல் இருந்தால் மட்டும், வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சரி, பிரேக் தவிர மற்ற சத்தங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எப்படிப் பிடிப்பது? முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. பின் சீட்டு பெல்ட்டின் கொக்கி பிளாஸ்டிக்கில் தட்டுகிறதா, ஏழு சீட்டு வண்டியில் மூன்றாம் வரிசை சீட்டின் லாக் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் எஞ்சினை அணைத்து, ஒருவர் ஒவ்வொரு மூலையாக அழுத்தி விட, இன்னொருவர் வீலருகே காது கொடுக்கட்டும். ஓடும்போது மட்டும் வருகிறதென்றால் வேறொருவர் ஓட்டட்டும், நீங்கள் உள்ளே ஒவ்வொரு பேனலாக உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தியதும் எது அடங்குகிறதோ, அதன் இடுக்கில் கம்பளி மாதிரி மெத்தென்ற ஃபெல்ட் டேப் ஒட்டினால் போதும். சஸ்பென்ஷன் போய்விட்டது என்று பயந்து வருகிற பல வண்டிகளில் கத்துவது காய்ந்துபோன கதவு ரப்பர்தான். ரப்பர் உரசும் இடத்தில் பேப்பர் டேப் ஒட்டி ஓட்டினாலே தெரிந்துவிடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். பிரேக்கில் இரும்பு அரைக்கிற சத்தம் வந்தால் ஓட்டாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். மற்ற சத்தங்களுக்கு வரும்போது எதையும் அடித்துவிட்டு வராதீர்கள், எங்கே உரசுகிறது என்ற தடயமே அழிந்துவிடுகிறது. திரும்பும்போதா, பிரேக்கிலா, ஸ்பீடு பிரேக்கரிலா என்று கவனித்து வந்து சொல்லுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வருகிற ரோட்டிலேயே ஓட்டிக் காட்டுங்கள்.