உடையாத ஆறு

அக்கா மகள் எட்டாம் வகுப்பு. கோடை விடுமுறையில் ஒரு ஏ4 தாளில் சொந்தமாக ஒரு நாட்டையே வரைந்துவிட்டாள். மேற்கே மலை, அங்கே பிறந்து கிழக்கே கடலைச் சேரும் ஆறு (தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை), நடுவில் யாளிகள் காவல் காக்கும் கோட்டை. இதைச் சுவர் அளவுக்கு அச்சிட வேண்டுமாம். போனில் படம் பிடித்து, வண்ணார்பேட்டையில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்கு மெசேஜில் தட்டிவிட்டேன். "இது உடையும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். உடைந்தது. கோடெல்லாம் படிக்கட்டு; ஊர்ப்பெயர்களைச் சுற்றி அழுக்குப் புகை.

"ஏன் மாமா உடையுது?"

படம் என்பது கணினிக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஏ4 தாளை ஏ0 ஆக்கினால் நீளமும் அகலமும் 4 மடங்கு. கட்டங்கள் கூடுவதில்லை, ஒவ்வொரு கட்டமும் பரப்பில் 16 மடங்கு வீங்குகிறது. அந்தப் புகை ஜேபெக் சுருக்கத்தின் (போன் படக் கோப்பைச் சிறிதாக்கும் முறை) வேலை: 8-க்கு 8 கட்டமாகப் படத்தை வெட்டி, நுண்விவரங்களைத் தள்ளிவிடும். வெள்ளையில் கறுப்பு மைக்கோடு அதற்கு ஆகாது.

சரி, அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்கிறார்களே, அது ஏன்? நம் கண்ணின் எல்லை அது. கோணத்தில் ஒரு பாகையில் (டிகிரி) அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே கண்ணுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 30 செ.மீ. தூரத்தில் அது சுமார் 0.09 மி.மீ.; அங்குலத்துக்கு ஏறக்குறைய 290. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 30 போதும். சிலர் மென்பொருளில் 300 என்று மட்டும் மாற்றிவிட்டுத் தெளிவாகிவிட்டது என்று நம்புகிறார்கள். ராகுகாலம் பார்த்து பிரிண்ட் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

ஆனால் வரைபடத்தை யாரும் தள்ளி நின்று பார்ப்பதில்லை. கிட்டே போய் விரல் வைத்து ஊரைத் தேடுவார்கள். அதனால் ஆற்றைக் கட்டங்களிலிருந்தே விடுவிக்க வேண்டும்.

தாளில் அ, ஆ, இ, ஈ என 4 புள்ளிகள் வையுங்கள். வரிசையாகக் கோட்டால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின் நடுவையும் குறியுங்கள்: 3 புள்ளிகள். அவற்றை இணைத்து மறுபடி நடு: 2. அதையும் இணைத்து நடு: ஒன்றே ஒன்று. அந்த ஒற்றைப் புள்ளி ஒரு வளைவின் மேல் உட்கார்ந்திருக்கிறது! நடுவுக்குப் பதில் எல்லாக் கோட்டிலும் கால் பங்கில் குறித்தால் அதே வளைவில் இன்னொரு புள்ளி, முக்காலில் வேறொன்று. பங்கை மெல்ல நகர்த்தினால் புள்ளி அ-வில் கிளம்பி ஈ-யில் போய் நிற்கும். சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாமல் போகுமே, அதுபோல ஆ-வையும் இ-யையும் பெரும்பாலும் தொடாது, அவை இழுத்த பக்கம் சாயும். ஆற்றின் ஒரு வளைவுக்கு 8 எண்கள், அவ்வளவே. பெரிதாக்க எண்களை 4-ஆல் பெருக்கி, அச்சுக்கு முன் புதிதாகக் கணக்கிட்டால் போதும். உடைய எதுவும் இல்லை.

இதை 1959-இல் சிட்ரோயன் கார் கம்பெனியில் கண்டுபிடித்தவர் தெ காஸ்தல்ஜோ. கம்பெனி ரகசியமாகப் பூட்டிவைத்தது. போட்டிக் கம்பெனி ரெனோவில் இருந்த பெசியே 1960-களில் வெளியே சொன்னார். வளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. பூட்டிவைக்கும் ஆராய்ச்சிக்கு இதுதான் கதி. நம் வரிப்பணத்தில் நடப்பதையாவது எல்லோரும் படிக்கத் திறந்துவைக்கலாம்.

அப்புறம் வேலை சுலபம். கோடுகளைக் கறுப்பு மையில் தனித்தாளில் படியெடுத்து, அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்து, இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் வளைவுகளாக மாற்றினோம். வண்ணப் பூச்சு, அதே 600-இல் ஸ்கேன் செய்தது, அடியில் கட்டங்களாகவே கிடக்கிறது. ஏ0 அளவில் அங்குலத்துக்கு 150 வரும், அதற்கு அது தாராளம்.

ஒரு சிக்கல். மூலையில் "ஓர் அங்குலம் = 10 காதம்" என்று எழுதியிருந்தாள். பெரிதானதும் அது பொய். அளவுகோல் கோடாக வரைந்திருந்தால் படத்தோடு சேர்ந்து அதுவும் நீண்டிருக்கும். அழித்து மாற்றச் சொன்னேன்.

"நாடு நாலு மடங்கு பெருசாயிட்டுல்லா மாமா, இருக்கட்டும்."