கடவுச்சீட்டில் முத்திரை இல்லை: ஐரோப்பிய எல்லைப் பதிவில் பயணிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் உள்ள உரிமைகள்

தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலத்துக்குச் சென்று வருவோரின் கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் மறைந்துவருகிறது. அதன் இடத்தில் நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை வந்துள்ளது. சுருக்கமாக இ.இ.எஸ். என்று அழைக்கப்படும் இம்முறைக்கான சட்டம் 2017 நவம்பர் 30 அன்று இயற்றப்பட்டது. முறை நடைமுறைக்கு வந்ததோ 2025 அக்டோபர் 12 அன்றுதான். அன்றிலிருந்து 180 நாட்களில், அதாவது 2026 ஏப்ரல் 10க்குள், 29 நாடுகளின் வெளி எல்லைகளிலும் இதைப் படிப்படியாக நிறுவுவது என்று முடிவு செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளில் அயர்லாந்தும் சைப்ரஸும் இதில் இல்லை. ஒன்றியத்தில் சேராத ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லிக்டென்ஸ்டைன் ஆகிய நான்கும் உண்டு.

முத்திரைக்குக் குறைகள் பல இருந்தன. மை மங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக விழும், தேதியைப் படிக்க அலுவலர் பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனாலும் அது பயணியின் கையிலேயே இருந்த சான்று. இனி அந்தச் சான்று ஒரு கணினித் தொகுப்பில் இருக்கும். பயணியின் கையில் இருக்காது. ஆகவே, அந்தத் தொகுப்பில் தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அறியும் உரிமையைப் பயணி தெரிந்துவைத்திருப்பது முன்னெப்போதையும்விட இப்போது அவசியமாகிறது.

இம்முறை பொதுவாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களோ ஷெங்கன் பகுதியின் குடிமக்களோ அல்லாத, குறுகிய காலம் தங்க வருவோருக்குப் பொருந்தும். விசா பெற்று வருவோர், விசா தேவைப்படாத நாட்டவர் ஆகிய இரு சாராரும் இதில் அடங்குவர். அங்கே வதிவிட அனுமதியோ நீண்டகால விசாவோ வைத்திருப்போருக்கு இது பொருந்தாது. பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

பயணியின் பெயர், பிறந்த தேதி, நாட்டுரிமை, கடவுச்சீட்டின் விவரம், முகப்படம், நான்கு விரல்களின் ரேகை, ஒவ்வொரு நுழைவும் வெளியேற்றமும் நடந்த நாளும் இடமும், நுழைவு மறுக்கப்பட்டிருந்தால் அந்த விவரம் ஆகியவை பதிவாகின்றன. விசா பெற்று வருவோரின் பத்து விரல் ரேகைகள் விண்ணப்பத்தின்போதே விசா தகவல் தொகுப்பில் சேர்ந்துவிடுவதால், அவர்களுடைய கைரேகை இ.இ.எஸ்.ஸில் மறுபடியும் சேமிக்கப்படுவதில்லை. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கைரேகை எடுப்பதில்லை. முகப்படம் மட்டும் உண்டு. கைரேகையோ முகப்படமோ தர மறுப்பவருக்கு நுழைவு மறுக்கப்படும்.

நுழைவு, வெளியேற்றப் பதிவுகள் மூன்று ஆண்டுகள் இருக்கும். ஒருவர் வெளியேறியதாகப் பதிவே இல்லையென்றால், அவர் தங்க அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவருடைய விவரம் இருக்கும். இந்த இரண்டாவது விதியை நிதானித்துப் படிக்க வேண்டும். உரிய நாளில் ஊர் திரும்பிவிட்ட ஒருவரின் வெளியேற்றம் ஏதோ கோளாறினால் பதிவாகாமல் போனால், அவர் விதியை மீறித் தங்கியவராகவே தொகுப்பில் தெரிவார். காலம் கடந்தும் வெளியேற்றம் பதிவாகாதவர்களின் பட்டியலைக் கணினியே தானாகத் தயாரிக்கிறது. எந்த அலுவலரும் தவறு செய்யவேண்டிய தேவைகூட இல்லை.

நாட்களை எண்ணும் விதியும் பலரைத் தடுமாறவைக்கிறது. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பதே விதி. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஒருவர் 2026 ஜனவரி 10 அன்று நுழைந்து மார்ச் 10 அன்று வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் 22, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 10 என 60 நாட்கள் கழிந்துவிட்டன. அவர் ஜூன் 1 அன்று மீண்டும் வந்தால் அவருக்கு ஜூன் 30 வரை, அதாவது 30 நாட்கள்தான் மீதம் உண்டு. ஜூலை 1 அன்று அங்கே இருந்தால், அன்றிலிருந்து பின்னோக்கி எண்ணும் 180 நாட்களுக்குள் முதல் பயணத்தின் 60 நாட்களும் முழுமையாக அடங்கிவிடுவதால், மொத்தம் 91 ஆகிவிடும். ஒருநாள் வெளியே போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவது முற்றிலும் தவறு. முன்பு அலுவலர் முத்திரைகளைப் புரட்டிக் கையால் போட்ட இந்தக் கணக்கை இப்போது இயந்திரம் போடுகிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். விசாவில் 90ஐவிடக் குறைந்த நாட்கள் குறிக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணிக்கைதான் செல்லும்.

சட்டத்தின் 52ஆம் பிரிவு பயணிக்கு வலுவான உரிமை ஒன்றைத் தருகிறது. தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பெறலாம். தவறு இருந்தால் திருத்தவும், விடுபட்டதைச் சேர்க்கவும், சட்டத்துக்குப் புறம்பாகச் சேமிக்கப்பட்டதை நீக்கவும் கோரலாம். இந்த விண்ணப்பத்தைத் தவறு நேர்ந்த நாட்டிடம்தான் தர வேண்டும் என்பதில்லை. இம்முறையில் சேர்ந்துள்ள எந்த நாட்டின் உரிய அதிகாரியிடமும் தரலாம். திருத்தவோ நீக்கவோ கோரும் விண்ணப்பத்துக்கு 45 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கோரிக்கையை ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை எதிர்த்து அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடமோ நீதிமன்றத்திடமோ முறையிடலாம். விண்ணப்பிப்பவர் யார் என்பதில் கணிசமான ஐயம் இருந்தால் மட்டுமே கைரேகை கேட்கலாம். அப்படிப் பெற்றதையும் வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

20ஆம் பிரிவும் இதே அளவு முக்கியமானது. பதிவு இல்லாததைக் கொண்டு ஒருவர் விதியை மீறியவர் என்று அதிகாரிகள் ஊகிக்கலாம். ஆனால் நம்பத்தக்க சான்று காட்டி அந்த ஊகத்தை மறுக்கும் உரிமை பயணிக்கு உண்டு. பயணச்சீட்டையும், ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருந்ததைக் காட்டும் ஆவணத்தையும் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. எனவே விமானத்தில் ஏறும்போது தரப்படும் போர்டிங் பாஸைப் பயணம் முடிந்ததும் குப்பையில் போட்டுவிட வேண்டாம் என்பது என் உறுதியான பரிந்துரை. அதைப் படம் எடுத்து, அடுத்த பயணம் நல்லபடியாக முடியும்வரையாவது பத்திரப்படுத்தி வையுங்கள். ஊர் திரும்பியபின் வேலையிடத்திலோ மருத்துவமனையிலோ தேதியுடன் கிடைக்கும் தாள்களும் உதவக்கூடும்.

இந்தத் தொகுப்பை எல்லை அலுவலர் மட்டும் பார்ப்பதில்லை. விசா வழங்கும் அதிகாரிகளும் குடிவரவு அதிகாரிகளும் பார்க்கலாம். பயங்கரவாதம், கடும் குற்றங்கள் ஆகியவற்றின் விசாரணைக்காக, வரையறுக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, காவல் துறைகளும் ஒன்றியத்தின் காவல் முகமையான யூரோபோலும் பார்க்க முடியும்.

தன் பதிவைத் தானே சரிபார்க்கலாம். முறை முழுவதையும் சரிபார்ப்பது யார்? தொகுப்பை இயக்குவது, எஸ்தோனியாவின் தாலின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இயு-லிசா என்ற ஒன்றிய முகமை. அனுமதி கடந்து தங்கியோர், நுழைவு மறுக்கப்பட்டோர் ஆகியோரின் எண்ணிக்கையை நாட்டுரிமை, வயது, பாலினம் எனப் பிரித்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஐரோப்பிய தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் தணிக்கை செய்ய வேண்டும். ஐரோப்பிய தணிக்கை நீதிமன்றம் 2019இல், இ.இ.எஸ்.ஸுக்கு முந்தைய எல்லைத் தகவல் முறைகளை ஆராய்ந்து, அவற்றில் தரவு முழுமையாகவும் உரிய நேரத்திலும் பதிவாவதில் கூடுதல் கவனம் தேவை என்று சொன்னது. பழைய முறைகளில் கண்ட இந்தக் குறை புதிய முறையில் தொடர்ந்தால், திருத்தக் கோரும் உரிமையை நாட வேண்டியவர்களின் எண்ணிக்கையும் கூடும்.

அரசின் தணிக்கைக்கு வெளியே நின்று ஆராயும் தனி ஆய்வாளர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2001ஆம் ஆண்டின் 1049ஆம் எண் ஒழுங்குவிதியின்படி, ஒன்றியக் குடிமக்களும் அங்கே வசிப்போரும் ஒன்றிய நிறுவனங்களின் ஆவணங்களைக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 15 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். மறுத்தால், மறுபரிசீலனை செய்யுமாறு இரண்டாவது விண்ணப்பம் தரலாம். அதன்பிறகும் மறுத்தால் நீதிமன்றம் போகலாம். எல்லையில் பயணியின் முகபாவத்தைக் கொண்டு அவர் பொய் சொல்கிறாரா என்று கணிக்க முயன்ற ஐபார்டர் கன்ட்ரோல் என்ற ஆய்வுத் திட்டத்துக்கு ஒன்றியம் சுமார் 45 லட்சம் யூரோ நிதி அளித்தது. அத்திட்டத்தின் அறநெறி மதிப்பீட்டு ஆவணங்களை பின்னர் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரான பேட்ரிக் பிரேயர் இந்த விதியின்கீழ்தான் கேட்டார். மறுக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார். 2021 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு ஆவணங்களில் ஒரு பகுதியை மட்டுமே அவருக்குச் சாதகமாக்கியது. வணிக நலன் என்ற காரணத்தால் எஞ்சியவை மூடியே இருந்தன. அவருடைய மேல்முறையீடு 2023 செப்டம்பர் 7 அன்று தள்ளுபடியானது. பொதுப் பணத்தில் நடந்த, பயணிகளின் உடலையும் முகத்தையும் அளக்கும் ஓர் ஆய்வை வணிக ரகசியம் இந்த அளவுக்கு மறைத்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆயினும் அந்த வழக்கு நடந்திராவிட்டால் வெளிவந்த பகுதிகூட வந்திருக்காது.

ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் கேட்டாலும் ஆவணம் தர அதே விதி இடம் தருகிறது. ஆனால் அது நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது, கேட்பவரின் உரிமை அன்று. 52ஆம் பிரிவின் உரிமைக்கு இந்த வரம்பு இல்லை. தம் பதிவைக் கோரும் பயணி எந்த நாட்டில் வசித்தாலும் அதிகாரிகள் பதில் தந்தே ஆக வேண்டும்.